உப்புத் தின்ற கல்

நான்காம் தட்டில் நிற்கிறேன்,
இடுப்பில் கயிறு, கையில் பன்றிமயிர்த் தூரிகை.
கீழே பல்லார்ட் எஸ்டேட் மதியச் சாப்பாட்டுக்குக் கலைகிறது.
எதிரே, தூண் தலையின் இலைகளுக்குள்
மூக்கில்லாத கல்குரங்கு ஒன்று
குந்தியிருக்கிறது.
போர்பந்தர் கல். விரல் பட்டால் போதும்,
கன்னம் மாவாய் உதிரும்.
தொடவில்லை.
உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டி
மேலே எழுதினேன்: வடகிழக்கு முகப்பு, தூண் ஏழு.

முதல் நாளே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன்.
சோதனைக்கூடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னது
எனக்கு அப்போதே தெரியும்.
கல்லுப்பு.
சமையலறை ஜாடியில் இருப்பதும் அதே பேர்தான்,
இங்கே பேர் திரும்பிப் படுத்திருக்கிறது:
கல்லாய் இருக்கும் உப்பு அல்ல,
கல்லுக்குள் இருக்கும் உப்பு.

துறைமுகக் காற்று ஊட்டியது.
மழையில் கரைந்து உள்ளே போகும்,
அக்டோபர் வெயிலில் படிகமாய் விரிந்து
வெளியே வர வழி தேடும்.
வழி இருந்திருந்தால் மெல்ல வந்திருக்கும்.

அடைத்தவர் பேர் கோப்பில் இருக்கிறது.
பி. வி. குல்வாடி, நிர்வாகப் பொறியாளர், 1974.
மூட்டுகளில் சுண்ணாம்பைச் சுரண்டி சிமெண்ட் பூசினார்,
அதன்மேல் தண்ணீர் இறங்காத பூச்சு, இரண்டு கை.
கடைசி வரியில் நீல மசியில்
"நிரந்தரமாகச் சரிசெய்யப்பட்டது."
அக்கறை இல்லாதவர்
அடிக்கோட்டை இவ்வளவு நேராகப் போடமாட்டார்.

சிமெண்ட் அசையவில்லை. இன்றும் வீம்பாய் நிற்கிறது,
சுற்றிலும் கல் குழிந்துபோய்,
தசை வற்றிய உடம்பில் விலா எலும்பு மாதிரி.
நௌஷாத் உளியால் எடுக்கிறான், நாளுக்கு ஒன்றரை அடி.
மெஷின் கேட்டான், மாட்டேன் என்றேன்.
எனக்குப் புரியாதென்று நினைத்து
போஜ்புரியில் திட்டினான்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள்,
தப்புச் செய்தவனை மிரட்ட.
கல் என்ன தப்புச் செய்தது?
இருந்தாலும் மருந்து தண்ணீர்தான்.
காய்ச்சி வடித்த நீரில் காகிதக் கூழைக் குழைத்து
அடை மாவுப் பதத்தில்
குரங்கின் முகத்தில் பற்றுப் போட்டேன்.
காயக் காய உப்பைத் தன் பக்கம் இழுக்கும்.
உரித்துக் கரைத்து மீட்டரை முக்கினால்
முதல் பற்று ஆயிரத்து எண்ணூறு.
இரண்டாவது ஆயிரத்து நூறு.
மூன்றாவது அறுநூற்று நாற்பது.
நான்காவது அறுநூற்றுப் பத்து.
அதற்குமேல் கொடுக்க அதற்கு மனமில்லை.
நிறுத்திக்கொண்டோம்.

நேற்று கமிட்டி வந்தது,
ஹெல்மெட் நாடாவைக் கட்டத் தெரியாமல்.
நூற்றாண்டு விழாவுக்குக் குரங்குக்கு மூக்கு வேண்டுமாம்.
எப்படிப்பட்ட மூக்கு என்று கேட்டேன்.
போட்டோ கிடையாது, வரைபடம் கிடையாது.
"குரங்கு மூக்குதானே" என்றார் ஒருவர்.
திருமதி தஸ்தூர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
வெகுநேரம் பார்த்தார்.
"முப்பது வருஷமாக இப்படியேதான் என்னைப் பார்க்கிறது.
விட்டுவிடுங்கள்."
மற்றவர்கள் அரை மனதோடு கையெழுத்துப் போட்டார்கள்.

சயான் கோலிவாடாவில் என் வாடகை வீட்டுச் சுவரிலும்
இதே வெள்ளைப் பூ பூக்கிறது.
தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பார்,
பொங்கலுக்குள் அப்பளமாய் எழும்பும்.
சொல்லிப் பார்த்தேன்.
"நீ கல் டாக்டர். இது செங்கல்" என்றார்.

இன்று மூட்டுகளில் புதுச் சுண்ணாம்பு.
கல்லைவிட மென்மை, அப்படித்தான் வேண்டும்.
தேய்வதாக இருந்தால் அது தேயட்டும்.
ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு
தட்டிலேயே உட்கார்ந்து அறிக்கையை முடித்தேன்.
குல்வாடி அடிக்கோடு போட்ட அதே கட்டத்தில்
"ஐந்து ஆண்டில் மறுபடி பார்க்கவும்" என்று எழுதி,
கடலைப் பார்த்து,
ஐந்தை அடித்து மூன்றாக்கினேன்.